பத்தாங் காலியிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

2015 நவம்பர் 25-ஆம் தேதி பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சட்டம் படித்தவர்கள் அதைக் ‘கேயு வழக்கு’ என்பார்கள். வழக்குப் போட்டவர்கள் மலேசியச் சீனர்கள். எதிர்த்தரப்பில் பிரிட்டிஷ் அரசாங்கம். சம்பவம் நடந்த இடம் நம்ம சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் காலி. தீர்ப்பு இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

இலக்கிய இதழில் ஒரு தீர்ப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதற்குக் கதைசொல்லி உண்டு, கதைமாந்தர் உண்டு, எதை முதலில் சொல்வது எதைக் கடைசிக்கு வைப்பது என்ற தேர்வு உண்டு. வட சிலாங்கூர் ரப்பர் தோட்டம் ஒன்றில் இரண்டு நாளில் நடந்ததை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் வேறொரு பிரதியை நான் படித்ததில்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு, “இதில் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை” என்ற முடிவுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் என் கேள்வி. முள்ளிவாய்க்காலுக்கு வெளிநாட்டு நீதிமன்றம் கேட்கும் நம் தலைமுறைக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

நடந்தது

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி மாலை, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்துக் குழு ஒன்று பத்தாங் காலிக்குப் பக்கத்தில் சுங்கை ரெமோக் தோட்டத்துக் கொங்சிக்குள் நுழைந்தது. அங்கே இருந்தவர்கள் சீனத் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும். அன்று மாலையே ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். 23 பேர் செத்தார்கள். மயங்கி விழுந்த ஒருவர் பிழைத்தார். குடிசைகள் எரிக்கப்பட்டன. ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை.

கெந்திங் மலைக்குப் பின்பக்க வழியாக ஏறுகிறவர்கள் தாண்டிப்போகும் ஊர்தான் அது. பெஸ்தாரி ஜெயாவில் வளர்ந்த எனக்கு ஒரு மணி நேர மோட்டார் ஓட்டம்.

தப்பி ஓடப் பார்த்ததால் சுடப்பட்டார்கள் என்பது அரசாங்கத்தின் விளக்கம். மலாயாவின் சட்டத்துறைத் தலைவர் விசாரித்தார், தவறு எதுவும் இல்லை என்றார். 1949 ஜனவரி 20-ஆம் தேதி அவசரகாலச் சட்டத்தில் 27ஏ என்று ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. தப்பி ஓடுகிறவரை ஆயுதத்தால் தடுக்கலாம் என்பது அதன் சாரம். இனி நடக்கப்போவதற்கு மட்டும் இல்லாமல், ஏற்கெனவே நடந்ததற்கும் அது செல்லும் என்று எழுதினார்கள். ஆறு நாள் கழித்து லண்டன் நாடாளுமன்றத்தில் காலனி அமைச்சரின் அறிக்கை வந்தது. மொத்தக் கதையும் ஆறே வாரத்தில் முடித்துவைக்கப்பட்டது.

அதே வட்டாரத்தில், அதே ஆண்டு இன்னொன்று நடந்தது. 1949 மார்ச் மாதம் ரவாங் பக்கம் எஸ்.ஏ. கணபதி கைது செய்யப்பட்டார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதிலிருந்து தூக்குவரை ஏறக்குறைய இரண்டு மாதம். அவசரகாலச் சட்டம் ஒரு பக்கம் எவ்வளவு வேகமாகக் கயிறு திரித்ததோ, மறுபக்கம் அவ்வளவு வேகமாகக் கோப்பை மூடியது.

கணபதியை நாம் அறிவோம். நினைவுநாள் கட்டுரை எழுதுகிறோம். பத்தாங் காலியின் 24 பேரைப் பற்றி நம் பேச்சில் அதில் ஒரு பங்குகூட இல்லை. அவர்கள் சீனர்கள் என்பதுதான் காரணமென்றால் அந்தக் காரணம் அவ்வளவு வலுவானதல்ல. என் பாட்டி ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் சின்னப்பிள்ளையாக இருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், “லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டான்யா. பாலுக்குப் போறப்போ ஒரு பிடி சோறு கொண்டுபோனாக்கூட சோதன. பிந்தாங் தீகாவுக்குக் குடுத்துருவோம்னு பயம். ஓடாத, நில்லுன்னா நிக்கணும், இல்லன்னா சுட்டுருவான்னு அப்பா சொல்லிச் சொல்லி வளத்தாரு” என்பார். ‘ஓடினால் சுடலாம்’ என்ற விதியின் எண் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அந்த விதிக்குள்தான் அவர் வளர்ந்தார். கொங்சிக்கும் லயத்துக்கும் ஒரே சட்டம்தான்.

மூன்று குரல்கள்

கேயு வழக்கு குற்றவியல் வழக்கல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். யாரையும் கூண்டில் ஏற்றச் சொல்லி அந்தக் குடும்பங்கள் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று ஒரு பொது விசாரணை வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். கூண்டில் ஏற்றும் வாய்ப்பு அதற்கு 45 ஆண்டுக்கு முன்பே வந்து போய்விட்டது.

1970 பிப்ரவரியில் ‘தி பீப்பிள்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகையில், அந்த ரோந்தில் இருந்த முன்னாள் சிப்பாய்கள் சிலர் உண்மையைச் சொன்னார்கள். யாரும் ஓடவில்லை, சுடச் சொன்னதால் சுட்டோம் என்பது அவர்கள் வாக்குமூலம். ஸ்காட்லாந்து யார்டு விசாரிக்கத் தொடங்கியது. போலீஸ் அதிகாரிகளிடமும் சிலர் அதையே சொன்னார்கள். அடுத்த கட்டம் மலேசியாவுக்கு வந்து சாட்சிகளைப் பார்ப்பது. ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது. அந்த மாதக் கடைசியிலேயே, போதிய ஆதாரம் கிடைக்க வாய்ப்பில்லை என்று விசாரணையை நிறுத்தினார்கள். ஒரு அதிகாரியும் விமானம் ஏறவில்லை. இங்கே மலேசியப் போலீசும் 1993-இல் விசாரணையைத் தொடங்கி, 1997 இறுதியில் ஆதாரம் போதாது என்று மூடியது. லண்டனை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக முடியாது.

இதையெல்லாம் தீர்ப்பு மறைக்கவில்லை. தலைமை நீதிபதி நியூபெர்கர் பிரபு ஒவ்வொரு ஆண்டாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பெயரடைகள் குறைவு, கோபம் இல்லை. நான் வேலை செய்யும் ஆலையில் விபத்து நடந்தால் எழுதும் அறிக்கையைப்போல இருக்கிறது. எங்கள் அறிக்கையிலும் எப்போது நடந்தது, யார் இருந்தார்கள், எந்த வால்வு திறந்திருந்தது என்றுதான் தொடங்குவோம். ஆனால் அங்கே தேதி என்பது முதல் வரி. காரணத்தைத் தேடிப் போவதற்கான தொடக்கம். இந்தத் தீர்ப்பில் தேதியே கடைசி வரியாகிவிடுகிறது.

இரண்டாவது குரல் கெர் பிரபுவுடையது. அவரும் பெரும்பான்மையோடுதான் நிற்கிறார். ஆனால் சங்கடத்தோடு நிற்கிறார். இப்படியொரு பழைய அநீதிக்குப் பரிகாரம் தர முடியவில்லையென்றால் அது நம் சட்ட அமைப்பின் குறையாகவே இருக்கலாம் என்ற பொருளில் எழுதுகிறார். தான் தரும் தீர்ப்பின் மீதே நம்பிக்கை குறைந்த ஒரு கதைசொல்லி.

மூன்றாவது குரல் ஹேல் சீமாட்டி. ஐவரில் இவர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அவர் வாதம் எளிமையானது. விசாரணை வேண்டாம் என்று முடிவெடுத்தபோது அமைச்சர்கள் செலவைப் பார்த்தார்கள், காலம் கடந்ததைப் பார்த்தார்கள், இதிலிருந்து இன்றைக்குக் கற்க என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பெரிய விஷயத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய சம்பவத்தைச் சரியாக ஆராய்வதில் பொதுமக்களுக்கு இருக்கும் அக்கறை, உண்மையை அறியக் குடும்பங்களுக்கு இருக்கும் தேவை, செத்தவர்களின் பெயரில் ஒட்டிய களங்கத்தைத் துடைப்பது, வரலாற்றுப் பதிவைத் திருத்துவது ஆகியவற்றுக்கு எடை போட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்கிறார்.

களங்கம் என்ற இடத்தில்தான் நான் நின்றேன். அவசரகாலத்தில் கம்யூனிஸ்டு கெரில்லாக்களை பிரிட்டிஷார் ‘கொள்ளையர்’ என்றுதான் அழைத்தார்கள். பால்மரம் வெட்டப் போனவர்கள் அரசாங்கக் காகிதத்தில் கொள்ளையராகவோ கொள்ளையருக்கு உதவியவராகவோ செத்துக் கிடந்தார்கள். பிள்ளைகள் அந்தப் பெயரோடு வளர்ந்தார்கள். நீதிமன்றம் தண்டனை தரும் இடம் மட்டுமல்ல, பெயரைத் திருப்பித் தரும் இடமும்கூட என்பதை அந்தத் தீர்ப்பில் முழுசாகப் புரிந்துகொண்டவர் ஹேல்தான்.

தேதி என்னும் வேலி

பெரும்பான்மை எந்தத் தர்க்கத்தில் நிற்கிறது? ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின்படி, சந்தேகத்துக்குரிய ஒரு சாவை விசாரிப்பது அரசின் கடமை. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1953-இல். பிரிட்டன் தன் மீது தனிமனிதர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்று ஒத்துக்கொண்டது 1966-இல். பழைய சாவாக இருந்தால், அது இந்தத் தேதிக்கு முந்திய 10 ஆண்டுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது ஸ்ட்ராஸ்பர்க் வகுத்த கணக்கு. 1953-இலிருந்து எண்ணினால் பத்தாங் காலி உள்ளே வரும். 1966-இலிருந்து எண்ணினால் எட்டு ஆண்டு வெளியே நிற்கும். நீதிமன்றம் 1966-ஐ எடுத்துக்கொண்டது.

சட்டத்தில் எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். இல்லையென்றால் காலனி ஆட்சியின் ஒவ்வொரு கொலையும் வழக்காக வந்து நிற்கும் என்ற அச்சம் புரிகிறது. (வந்தால் என்ன என்று என் மனசு கேட்டாலும்.) ஆனால் இந்தக் கோட்டைப் போட்டது யார் என்று பாருங்கள். புகார் முகப்பை எந்த ஆண்டு திறப்பது என்று தீர்மானித்தது பிரிட்டன். அந்த முகப்பு திறந்த தேதியை வைத்துத்தான் பிரிட்டன் மீதான புகார் செல்லுமா செல்லாதா என்று அளக்கிறார்கள். தாமதமாகத் திறந்தவனுக்கே தாமதத்தின் லாபம்.

நியாயமாகச் சொன்னால், இன்னொரு வேலியை இதே வழக்கு தாண்டியது. சிலாங்கூர் பிரிட்டனின் நேரடிக் காலனி அல்ல. சுல்தானின் ஆட்சிக்குட்பட்ட, பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த நாடு. அப்படியானால் பொறுப்பு யாருடையது, 1957-இல் அது மலாயாவுக்குக் கைமாறிவிட்டதா என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன. அவை எடுபடவில்லை. கொன்றது பிரிட்டிஷ் படை, பொறுப்பும் பிரிட்டனுடையதே என்றார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் தூரம் தடையாக இருக்கவில்லை. தடையாக இருந்தது நாட்காட்டி.

இதே நாட்காட்டி வேறொருவரைக் காப்பாற்றியதும் லண்டனில்தான். சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் அங்கே கைதானார். ஸ்பெயின் நாட்டு நீதிபதி பிறப்பித்த ஆணை அது. குற்றம் நடந்தது சிலியில், ஆணை ஸ்பெயினில், கைது இங்கிலாந்தில். ‘உலகளாவிய நியாயாதிக்கம்’ என்று சொல்கிறார்களே, போர்க்குற்றம், சித்திரவதை போன்றவற்றை எந்த நாடும் விசாரிக்கலாம் என்ற கொள்கை, அதற்கு உலகமே கவனித்த எடுத்துக்காட்டு இது. 1999 மார்ச்சில் பிரபுக்கள் சபை நீதிபதிகள், முன்னாள் அதிபருக்கும் சித்திரவதைக் குற்றத்தில் விலக்கு இல்லை என்றார்கள். ஆனால் 1988 இறுதிக்கு முந்திய குற்றங்கள் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான கொடுமைகள் நடந்தது அதற்கு முன்னால். கடைசியில் உடல்நிலையைக் காரணம்காட்டி 2000 மார்ச்சில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

மனம் வைத்தால் ஜூரிகூடப் பயணம் போகும்

இதுவரை படித்ததும், பழைய குற்றம், தூரத்து நாடு, வயதான சாட்சிகள், பாவம் சட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். அப்படியானால் அந்தோணி சவோனியுக் வழக்கைப் பாருங்கள்.

சவோனியுக் இன்றைய பெலாரஸில் உள்ள தொமாசெவோ என்ற ஊரைச் சேர்ந்தவர். 1942-இல் ஜெர்மானியர்களின் கீழ் உள்ளூர்ப் போலீசாக இருந்து யூதர்களைக் கொன்றவர். போருக்குப் பிறகு இங்கிலாந்துக்கு வந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றார். இவரைப் போன்றவர்களைப் பிடிக்க பிரிட்டனில் சட்டமே இல்லை. அதனால் 1991-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மேலவை எதிர்த்தபோது அதை மீறி நிறைவேற்றினார்கள். 1999-இல் லண்டன் ஜூரியை விமானத்தில் ஏற்றி பெலாரஸுக்குக் கொண்டுபோய், கொலை நடந்த இடத்தைக் காட்டினார்கள். இங்கிலாந்து ஜூரி ஒன்று வெளிநாட்டுக்குப் போனது அதுவே முதல்முறை. 57 ஆண்டுக்கு முந்திய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அது சரியான தீர்ப்பு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் அந்த 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லையைக் கவனியுங்கள். 1939 செப்டம்பர் முதல் 1945 ஜூன் வரை. ஜெர்மனியிலோ ஜெர்மனி பிடித்துவைத்திருந்த இடத்திலோ நடந்தவை மட்டும். சயாம் மரண ரயில் இதற்குள் வராது. பத்தாங் காலி வரவே வராது. 1942-க்கு முன்தேதியிட்ட சட்டம் போட முடிந்த நாடாளுமன்றத்துக்கு, 1948-க்கு ஒரு விசாரணைக் குழு போட முடியவில்லை. பெலாரஸுக்கு ஜூரியே போனது; பத்தாங் காலிக்கு ஒரு போலீஸ்காரரும் வரவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் நடத்திய முதல் போர்க்குற்ற வழக்கு கொசாவா சடாய்ச்சி என்ற ஜப்பானியக் கேப்டன் மீதும் அவருடைய ஆட்கள் மீதும். பாதிக்கப்பட்டவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் இந்தியக் கைதிகள். கொடுமை நடந்தது பசிபிக் கடலின் பலாவ் தீவுகளில். எங்கேயோ நடந்ததைச் சிங்கப்பூரில் விசாரித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நடந்தன. மூன்றே ஆண்டு கழித்து, தன் சிப்பாய்கள் மீது கேள்வி வந்தபோது அதே பிரிட்டன் 27ஏ விதியை எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே தீர்ப்பைப் பற்றி என் முடிவு இது: அது நேர்மையான பிரதி, ஆனால் முழுமையான பிரதியல்ல. தேதிகளை வரிசையாகச் சொல்கிறது. அந்தத் தேதிகள் யாருக்காக வளைந்தன, யாருக்காக வளையவில்லை என்ற கதையைச் சொல்லவில்லை. வழக்கில் கேட்கப்படாத கேள்வியை நீதிபதி எழுத முடியாது. விமர்சகன் எழுதலாம்.

நம் பக்கம்

மே 18 வந்தால் நம் இளைஞர்களின் பக்கங்கள் சிவப்பும் கறுப்புமாக நிறைகின்றன. ‘சர்வதேச நீதி வேண்டும்’ என்று எழுதுகிறோம். அந்த நீதி எந்தெந்தக் கதவைத் தட்டியிருக்கிறது என்று சேர்த்துப் பார்க்கலாம்.

2017-இல் முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய பிரேசிலில் இலங்கைத் தூதராக இருந்தார். இறுதிப்போரின்போது வன்னியில் பொறுப்பில் இருந்தவர். அவர் மீது பிரேசிலிலும் கொலம்பியாவிலும் புகார் கொடுக்கப்பட்டது. அதற்குள் அவர் கிளம்பிவிட்டார். குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்ச மாலைத்தீவு வழியாகச் சிங்கப்பூர் வந்து இறங்கினார். சிங்கப்பூரின் ஜெனிவா ஒப்பந்தச் சட்டத்தின்படி அவரைக் கைது செய்து விசாரிக்க வேண்டும் என்று சட்டத்துறைத் தலைவரிடம் ஒரு மனித உரிமை அமைப்பு மனு கொடுத்தது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம். ஆகஸ்டில் அவர் தாய்லாந்துக்குப் போய்விட்டார்.

மறுபக்கம், 2020-இல் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நீதிமன்றம் பிடிபட்ட இராணுவத்தினர் கொல்லப்பட்டதில் துணைநின்றதற்காக ஒரு முன்னாள் புலி உறுப்பினருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இது நம் பேச்சில் வராது. தளபதிக்கு விலக்கும் விமானச்சீட்டும் கிடைக்கின்றன, அகதியாகப் போனவன் கையில் அகப்படுகிறான் என்று கசப்பாகச் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் கைகட்டி நின்ற கைதியைக் கொல்வது யார் செய்தாலும் குற்றம்தான் என்பதும் உண்மை. நம் ஆளுக்கு மட்டும் பொருந்தாத நீதியை ‘உலகளாவிய’ என்று அழைக்க முடியாது.

மலேசியா எங்கே நிற்கிறது? 2011 நவம்பரில், மகாதீர் முன்னின்று அமைத்த கோலாலம்பூர் போர்க்குற்றத் தீர்ப்பாயம் ஈராக் போருக்காக புஷ்ஷையும் டோனி பிளேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. குற்றவாளிகள் கூண்டில் இல்லை. தீர்ப்பாயத்துக்கு அரசு அதிகாரமும் இல்லை. 2019 மார்ச்சில், அதே மகாதீர் பிரதமராக இருந்தபோது, அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் மலேசியா இணைந்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தது. ஒரு மாதம்தான். நமக்கும் 1962-இலிருந்தே ஜெனிவா ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. எந்த நாட்டவர் எங்கே செய்தாலும் கடுமையான மீறல்கள் குற்றம் என்று அது சொல்கிறது. கதவு காகிதத்தில் இருக்கிறது. தாழ்ப்பாள் அரசியலில் இருக்கிறது.

இதே காலத்தில் வேலை செய்த நீதிமன்றங்களும் உண்டு. ஆப்கானிஸ்தானில் சித்திரவதை செய்துவிட்டு லண்டனில் குடியிருந்த பர்யாதி சர்தாத்துக்கு 2005-இல் அங்கேயே தண்டனை கிடைத்தது. சாட்சிகள் காபூலிலிருந்து காணொளியில் பேசினார்கள். சிரியாவின் முன்னாள் உளவு அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை. 2000-இல் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜனின் வழக்கில், 2022 பிப்ரவரியில் பிரிட்டிஷ் போலீஸ் இங்கிலாந்தில் ஒருவரைக் கைது செய்தது. சர்தாத்தும் ரஸ்லானும் தண்டிக்கப்பட்டதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று: சந்தேக நபர் அந்த நாட்டிலேயே குடியிருந்தார், அவரைக் காக்கும் பதவி அவரிடம் இல்லை, சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள். முதல் இரண்டும் நம் கையில் இல்லை.

சாட்சியம் என்னும் சொல்

மூன்றாவதுதான் இலக்கியக்காரர்களிடம் பேச வேண்டியது. நம் விமர்சனத்தில் ‘சாட்சியம்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு நாவல் துன்பத்தைச் சொன்னால் போதும், ‘காலத்தின் சாட்சியம்’ என்று பின்னட்டையில் போட்டுவிடுகிறோம். நீதிமன்றத்தில் சாட்சியம் என்றால் வேறு. நீ எங்கே நின்றாய், எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா, சீருடையில் என்ன குறி இருந்தது?

சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் அவை வந்தபோது போர் முடிந்து பல பத்தாண்டு கடந்துவிட்டது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளிடம் நாட்குறிப்பு எழுதிய அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப்பட்டியல் இருந்தது. சிங்கப்பூர் வழக்குகளில் அவை பேசின. தோட்டத்திலிருந்து போன தமிழர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட ஒழுங்காக இல்லை. செத்தவர் எண்ணிக்கையில் அந்தப் போர்க்கைதிகளைவிட அவர்கள் அதிகம். ஆவணத்தில் மிகக் குறைவு. நாவல் அவர்களுக்கு முகம் கொடுத்தது. வழக்கு நடந்த நாளில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நோட்டுப்புத்தகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாங் காலி 1948. கொன்றவர்களே வாயைத் திறந்தது 1970, அதாவது 22 ஆண்டு கழித்து. அப்போது அவர்களில் பலர் உயிரோடு இருந்தார்கள், நடுத்தர வயது. அந்த ஒரு ஜன்னல் மூடிய பிறகு எஞ்சியது 45 ஆண்டு மனுக்களும் ஒரு மாறுபட்ட தீர்ப்பும்தான். 2018-இல் ஸ்ட்ராஸ்பர்க்கும் ஏற்க மறுத்துவிட்டது. 2009-ஓடு 22-ஐக் கூட்டுங்கள். 2031.

முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார்கள், அடுக்குமாடியில் ஒரே அறையில் நாலு பேராகத் தங்குகிறார்கள். மலேசியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு; அவர்கள் பேசவே பயப்படுவார்கள். நானோ நீங்களோ கைப்பேசியை நீட்டி, “அண்ணே, என்னா நடந்துச்சு சொல்லுங்க” என்று கேட்டு இணையத்தில் போட்டுவிடக் கூடாது. அது அவர்களுக்கு ஆபத்து. பல முறை சொல்லவைக்கப்பட்ட கதை குறுக்கு விசாரணையில் உடையவும் செய்யும். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் தனிப் பிரிவு வேலை செய்கிறது. அந்த வழியைத் தேடுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளராக, ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பவராக நாம் இருக்கலாம். மே 18 பதிவைவிட அது சின்ன வேலைதான். நோட்டுப்புத்தக வேலை.

எழுத்தாளருக்கு வேறு வேலையும் இருக்கிறது. தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஹேல் சீமாட்டி கேட்டதைச் செய்ய இலக்கியத்துக்கு எந்தத் தேதியும் தடையில்லை. செத்தவனை ‘கொள்ளையன்’ என்று எழுதிய காகிதத்துக்கு எதிரே, அவன் காலையில் எத்தனை மரம் வெட்டினான், யாருக்குக் கடன் பாக்கி வைத்திருந்தான் என்று எழுதலாம். அதை நம் ஆளுக்கு மட்டும் எழுதினால் போதாது. பத்தாங் காலி கதையை ஒரு தமிழ் இளைஞன் எழுதும் நாளில்தான், முள்ளிவாய்க்காலை ஒரு சீனரோ மலாய்க்காரரோ ஏன் எழுதவில்லை என்று கேட்கும் தகுதி நமக்கு வரும்.

தீர்ப்பைப் படிக்க நேரமில்லாதவர்கள் ஹேல் எழுதிய கடைசிப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். பிறகு முதல் பத்திகளுக்குப் போய், அந்த லாரி கிளம்பும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.